எழுபது வளைவுகளும் ஐம்பது நிமிடங்களும்

கொல்லிமலைக்கு நீங்கள் போனதுண்டா? போனவர்களுக்கு அந்தப் பலகைகள் நினைவிருக்கும். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக மலையடிவாரமாகிய காரவள்ளிக்கு வந்ததும் சாலை மடியத் தொடங்குகிறது. முதல் திருப்பத்தில் '1/70' என்று எழுதிய பலகை நிற்கும். அடுத்ததில் '2/70'. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் சோளக்காட்டை நெருங்கும்போது '70/70' வந்துவிடும். கொண்டை ஊசியைப் போல ஒவ்வொன்றும் மடிந்து திரும்புவதால் இவற்றைக் கொண்டை ஊசி வளைவுகள் என்கிறோம்.

கல்லூரியில் வட்ட இயக்கம் பற்றிப் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறவன் நான். ஆனால் முதன்முறை அந்த மலையில் ஏறியபோது பதினோராவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிவிட்டேன். கண்ணை மூடியது தவறு என்பது பிறகுதான் உறைத்தது. காதினுள் இருக்கும் அரைவட்டக் குழல்கள் "திரும்புகிறோம், திரும்புகிறோம்" என்று மூளைக்குச் சொல்கின்றன. வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ, மூடிய கண்ணோ அதற்குச் சாட்சி சொல்வதில்லை. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. தொலைவில் இருக்கும் மலைமுகட்டைப் பார்த்துக்கொண்டு வந்தால் பாதித் தொல்லை தீரும். எலுமிச்சம்பழத்தின் பங்கு இதில் எவ்வளவு என்று சொல்ல நான் உயிரியல் படித்தவனல்லன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில், எங்கள் மாணவர்களின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூரில் நடந்தது. கொல்லிமலையில் ஊர்களின் தொகுதியை 'நாடு' என்றே அழைக்கிறார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு என்று இப்படிப் பல நாடுகள் உண்டு. சாமையும் மிளகும் காப்பியும் வாழையும் விளையும் பூமி. ஏழு நாள் முகாம் முடிந்து நாங்கள் மலையிறங்கிய நாள் ஆடிப் பதினெட்டு. செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அறப்பளீசுவரர் கோவிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் போகிற கூட்டம் வேறு. ஊரே மலையேறிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் எதிர்த் திசையில் இறங்கினோம். அந்த ஒரு பயணத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பேருந்தின் ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்தவர். நாமக்கல் லாரிகளில் அசாம் வரை போய் வந்த கைகள். சோளக்காட்டில் வண்டியைக் கிளப்பும்போது மணி 10.10. எழுபதாவது வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டார். எஞ்சின் முனகிக்கொண்டே இருந்தது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மாணவன் பொறுக்கமாட்டாமல் கேட்டான்:

"ஏனுங்கண்ணா, இறக்கம்தானுங்களே? நியூட்ரல்ல விட்டா வண்டி தானா உருண்டு போகாதுங்களா? டீசலும் மிச்சமாகுமில்லீங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "டீசல் மிச்சமாகும் தம்பி. நாமதான் மிச்சமாக மாட்டோம். ஏறின கியர்லயே இறங்கோணும்" என்றார்.

பேருந்தே சிரித்தது. இந்தப் பதிலில் பிற்பாதி முழுக்கச் சரி. முற்பாதியோ தவறு! இரண்டையும் பார்ப்போம்.

பதினாறு குடம் வெந்நீர்

ஆட்களோடு சேர்த்து எங்கள் பேருந்தின் நிறை 10 டன், அதாவது 10,000 கிலோகிராம் என்று கொள்வோம். இறங்க வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். மலையுச்சியில் நிற்கும் பேருந்துக்கு எவ்வளவு நிலையாற்றல் உண்டு? உங்கள் பாடநூலில் உள்ள mgh-ஐத்தான், அதாவது நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் என்பதைத்தான் போட வேண்டும். 10,000 × 9.8 × 1,000 = 9 கோடியே 80 இலட்சம் ஜூல்.

அடிவாரத்துக்கு வந்து நிற்கும்போது இந்த ஆற்றலில் ஒரு துளிகூடப் பேருந்திடம் இருக்கக்கூடாது. ஆற்றலை அழிக்க முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்படியானால் அது எங்கே போகிறது? சக்கரங்கள் உருள்வதில் டயர்கள் நசுங்கி நிமிர்ந்து கொஞ்சம் சூடாகும். 25 கிலோமீட்டர் மலைப்பாதையில் இதற்கு நாலில் ஒரு பங்கு போய்விடும். காற்றின் தடைக்கு இந்த வேகத்தில் மிகச் சிறு பங்குதான். மீதி சுமார் 7 கோடி ஜூல். அதை ஓட்டுநர்தான் எங்கேயாவது கொட்டியாக வேண்டும்.

7 கோடி ஜூல் என்றால் எவ்வளவு? 30 பாகையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 2 இலட்சத்து 94 ஆயிரம் ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 240 லிட்டர் வருகிறது. 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 16 குடம் வெந்நீர்! வேறொரு விதமாகவும் சொல்லலாம். 75 நிமிடத்தில் இறங்குகிறோம் என்றால், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினைந்தை அந்த 75 நிமிடமும் இடைவிடாமல் எரியவிட்டதற்குச் சமம். இன்னொன்றும் கணக்கிட்டேன். சமவெளியில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் இதே பேருந்தை 50 முறை பிரேக் போட்டு நிறுத்தினால்தான் இவ்வளவு வெப்பம் உண்டாகும்.

இந்த வெப்பம் முழுவதையும் பிரேக்கிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களும் சேர்ந்து 160 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ வார்ப்பிரும்பை ஒரு பாகை சூடாக்கச் சுமார் 500 ஜூல் போதும். அப்படியானால் டிரம்களின் வெப்பநிலை 875 பாகை உயர வேண்டும். இரும்பு செக்கச் செவேலென்று பழுக்கும் சூடு அது. நல்ல வேளையாக வெப்பத்தில் பெரும்பகுதியைக் காற்று அவ்வப்போது எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் காற்றுக்கு அதற்கு நேரம் வேண்டும். வேகமாக இறங்குகிறவர் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

இங்கேதான் இரண்டாவது கியர் வருகிறது. கியரில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. கியர் தாழ்ந்ததாக இருந்தால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் பல சுற்றுச் சுற்றியாக வேண்டும். பிஸ்டன்கள் காற்றை உள்ளே இழுத்து, நெருக்கி, வெளியே தள்ளுகின்றன. எண்ணெயிலும் தாங்கிகளிலும் உராய்வு. இந்த வேலைக்கெல்லாம் கூலி அந்த 7 கோடியிலிருந்துதான் போகிறது. அதனால் உண்டாகும் வெப்பத்தை ரேடியேட்டரும் புகைக்குழாயும் வெளியேற்றிவிடுகின்றன. அதற்காகவே செய்யப்பட்ட உறுப்புகள் அல்லவா அவை? பல பெரிய வண்டிகளில் புகைக்குழாயைப் பாதி அடைத்து இந்தத் தடையை இன்னும் கூட்டும் 'எக்ஸாஸ்ட் பிரேக்' என்ற ஏற்பாடும் உண்டு.

டீசல் விஷயத்தில் நம் ஓட்டுநர் சொன்னது ஏன் தவறு? கியரில் இறங்கும்போது எஞ்சினைச் சக்கரம் சுழற்றுவதால், டீசல் பம்பு டீசல் கொடுப்பதை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருப்பதற்கு டீசல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மிச்சப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு செலவழிக்கிறார்கள்! எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிற துணிச்சல்காரர்களும் உண்டு. பிரேக்குக்கு வேண்டிய காற்றழுத்தத்தைக் கொடுக்கும் கம்ப்ரசரும், ஸ்டியரிங்கை எளிதாக்கும் பம்பும் எஞ்சின் சுழன்றால்தான் வேலை செய்யும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

வளைவுகளில் அவர் 15 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவேயில்லை. வளைவின் ஆரம் 12 மீட்டர் என்றால், இந்த வேகத்தில் பேருந்தை வளைவின் மையம் நோக்கி இழுக்க வேண்டிய முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏழில் ஒரு பங்கு. வேகத்தை இருமடங்காக்கி 30 கி.மீ. ஆக்குங்கள். முடுக்கம் இருமடங்கன்று, நான்கு மடங்காகும். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்கு மேல்! மழையில் நனைந்த சாலையில் டயர்களின் பிடி அதற்குப் போதாது. காய்ந்த சாலையில் பிடி போதலாம், ஆனால் மேலே கனம் கூடிய உயரமான பேருந்து கவிழத் தயாராகிவிடும்.

நாற்பத்துமூன்றாம் வளைவு

நாற்பத்துமூன்றாம் வளைவை நெருங்கும்போது ஒரு வாடை வந்தது. ரப்பரும் பிசினும் சேர்ந்து கருகுவது போன்ற வாடை. "நம்ம வண்டி இல்லீங்க சார், முன்னால போறது" என்றார் ஓட்டுநர். வளைவிலேயே, அன்னாசிப்பழம் ஏற்றிய ஒரு சிறிய லாரி நின்றுகொண்டிருந்தது. பின்சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கற்கள். சக்கரத்தினுள்ளிருந்து மெல்லிய புகை. ஓட்டிவந்த இளைஞர் முகம் வெளிறிப்போய்ச் சாலையோரம் உட்கார்ந்திருந்தார். பிரேக்கை மிதித்தால் கால் போகிறதாம், வண்டி நிற்கவில்லையாம். எப்படியோ மலைப்பக்கச் சரிவில் உரசி நிறுத்தியிருக்கிறார்.

சூடேறிய பிரேக் ஏன் இப்படி ஏமாற்றுகிறது? முதலாவது, பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் ஓர் அளவுக்கு மேல் சூடானால் அதிலுள்ள பிசின் சிதைந்து, உராய்வு குறைந்துவிடுகிறது. இரண்டாவது, டிரம் விரிவடைகிறது. 40 செ.மீ. விட்டமுள்ள டிரம் 300 பாகை சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெரிதாகும். ஷூ உள்ளிருந்து வெளியே தள்ளித்தான் டிரம்மைத் தொடுகிறது. தொட வேண்டிய சுவர் விலகிப்போனால்? மூன்றாவது, சிறிய வண்டிகளில் பிரேக்கின் அழுத்தத்தைக் கொண்டுபோவது ஒரு திரவம். சூடு மிகுந்து அது கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். ஆகவே மிதிப்பதெல்லாம் குமிழியை நசுக்கவே சரியாய்ப் போகிறது, சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை. இத்தனைக்கும் அந்த லாரியின் பிரேக்கில் பழுது எதுவும் இல்லை. ஆறினால் பழையபடி பிடிக்கும். இளைஞர் உயர்ந்த கியரில், பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே 27 வளைவுகள் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்கள் மாணவர்களில் இருவர் தண்ணீர்க் குடத்தோடு ஓடினார்கள். ஓட்டுநர் கத்தித் தடுத்தார். பழுக்கச் சூடான வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த நீர் பட்டால், மேற்பரப்பு சட்டென்று சுருங்க உட்புறம் சுருங்காமல் நிற்க, டிரம் விரிசல்விடும். அதுவாக ஆற அரை மணியாவது ஆகும்.

அதற்குள் கீழேயிருந்து வண்டிகள் வந்து குவிந்துவிட்டன. விழா நாள் அல்லவா? பேருந்துகள், வேன்கள், கார்கள், எண்ணற்ற இரு சக்கர வண்டிகள். முன்னால் என்ன என்று தெரியாமலே ஒவ்வொருவரும் கிடைத்த இடத்தில் நுழைந்தார்கள். ஏறும் பக்கம் இறங்கும் பக்கம் என்ற வேறுபாடே இல்லாமல் சாலை நிரம்பியது. நாங்களும் நகர வழியில்லை. பத்து நிமிடம் கழித்து, மேலே எங்களுக்குப் பின்னாலிருந்து 108 ஆம்புலன்ஸின் ஒலி கேட்டது. தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கீழே கொண்டுபோகிறார்கள்.

நெரிசல் என்பது சாலை போதாமையால் மட்டும் வருவதன்று. 2008-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்து காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள் என்றார்கள். தடையோ திருப்பமோ விளக்கோ எதுவும் இல்லை. ஆயினும் சற்று நேரத்தில் சில கார்கள் அடியோடு நின்றுவிட்டன! ஒருவர் சிறிது வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடச் சிறிது கூடுதலாகக் குறைக்க, அது ஓர் அலையாகப் பின்னோக்கி நகர்ந்தது. கார்கள் முன்னே போகின்றன, நெரிசல் பின்னே போகிறது. நின்ற வரிசை கிளம்பும்போதும் இப்படித்தான். முன்வண்டி நகர்ந்ததைக் கண்டு பின்வண்டி நகர 2 விநாடி ஆகிறது என்றால், நூறாவது வண்டி நகர மூன்று நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த நூறாவது வண்டிக்காரர் ஒலிப்பானை எவ்வளவு அமுக்கினாலும் அலை அதன் வேகத்தில்தான் வரும்.

எங்கள் ஓட்டுநர் இறங்கி நின்றார். மாணவர்களில் இருவரை மேல் வளைவுக்கும் இருவரைக் கீழ் வளைவுக்கும் அனுப்பினார். லாரியைச் சுற்றி ஒரு வண்டி போகத்தான் இடமிருந்தது. முதலில் ஏறுகிற வண்டிகளைக் கெஞ்சியும் அதட்டியும் ஒரே வரிசையாக ஓரங்கட்டினார்கள். இதுதான் கடினமான வேலை, இதற்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிறகு ஆம்புலன்ஸ் எங்களையெல்லாம் கடந்து இறங்கியது. அதன்பின் மேலேயிருந்து பத்து, கீழேயிருந்து பத்து என்று முறை வைத்து விட்டார்கள்.

ஏன் பத்துப் பத்தாக? ஒன்றுக்கு ஒன்று விடுவதுதானே நியாயம் என்று ஒரு மாணவி கேட்டாள். குறுகிய பகுதி 200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஒரு வண்டி அதைக் கடக்க 50 விநாடி. ஒவ்வொன்றாக விட்டால் ஒரு வண்டிக்கு 50 விநாடி செலவு. மூன்று விநாடி இடைவெளியில் பத்து வண்டிகள் தொடர்ந்து போனால் மொத்தம் 77 விநாடி. வண்டிக்கு 8 விநாடிகூட இல்லை. திசையை மாற்றும் ஒவ்வொரு முறையும் சாலை காலியாகக் கிடக்கும் நேரம்தான் வீண். ஓட்டுநர் இந்தக் கணக்கையெல்லாம் போடவில்லை. அசாமில் ஆற்றுப்பாலங்களில் காத்துக் கிடந்து கற்றது என்றார்.

எங்களுக்கு அங்கே போனது 40 நிமிடம். அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆன செய்தியை முகாம் நடந்த ஊரிலிருந்து மூன்றாம் நாள் தொலைபேசியில் சொன்னார்கள்.

தொலைந்த நேரம் திரும்புமா?

மீண்டும் கிளம்பியதும் மாணவர்கள் ஒரே குரலாய், "அண்ணா, கீழ போனதும் அடிச்சுப் புடிச்சிரலாம்" என்றார்கள். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். கணக்கைப் பாருங்கள்.

நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வரை சமவெளி 25 கி.மீ., மலைப்பாதை 25 கி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மலையில் மணிக்கு 20 கி.மீ. வேகம். அதற்கே 75 நிமிடம். முழுப் பயணத்தின் சராசரி வேகம் 40 ஆக இருக்க வேண்டுமென்றால் சமவெளியில் எந்த வேகத்தில் போக வேண்டும்? அறுபது என்று சொல்லிவிடாதீர்கள்! 50 கிலோமீட்டரை 40 வேகத்தில் கடக்க ஆகும் நேரமே 75 நிமிடம்தான். அதை மலையே விழுங்கிவிட்டது. சமவெளியை நீங்கள் சுழி நேரத்தில் கடக்க வேண்டும், அதாவது முடியாது. அறுபதில் போனால் கிடைக்கும் சராசரி 30.

இன்னும் ஒன்று. சமவெளியில் 50-இல் போகாமல் 80-இல் பறந்தால் மிச்சமாவது 11 நிமிடம். அந்த 11 நிமிடத்துக்காக இயக்க ஆற்றல் இரண்டரை மடங்கு கூடுகிறது. பிரேக் பிடித்து நிற்க வேண்டிய தூரமும் அதே அளவு கூடுகிறது. தொலைந்ததோ நாற்பது. மெதுவான இடத்தில் போன நேரத்தை வேகமான இடத்தில் வாங்க முடியாது, விலை கட்டுபடியாகாது. மெதுவான இடத்தில் வேகத்தைக் கூட்டவும் வெப்பமும் வளைவும் விடமாட்டா. அங்கே செய்யக்கூடியது நிற்காமல் நகர்ந்துகொண்டிருப்பது ஒன்றுதான்.

தலைப்பில் ஐம்பது நிமிடம் என்று போட்டுவிட்டு நாற்பது நிமிடக் கதை சொல்கிறாரே என்று கேட்பீர்கள். அந்த ஐம்பது நிமிடம் வேறு ஒருவருடையது.

1968-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் லண்டனிலிருந்து 98 கார்கள் சிட்னியை நோக்கிப் புறப்பட்டன. இத்தகைய நெடுந்தூரப் போட்டியை ராலி என்பார்கள். ஒரே கோட்டில் நின்று சேர்ந்து ஓடும் பந்தயமன்று இது. பொதுச் சாலைகளில், மற்ற வண்டிகளோடு கலந்து ஓட வேண்டும். வழியில் பல சோதனைச் சாவடிகள். ஒரு சாவடியிலிருந்து அடுத்ததற்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு. ஒரு நிமிடம் தாமதமானால் ஒரு தண்டப் புள்ளி. குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர். முன்னதாகப் போய்விட்டால் பரிசு கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

பாரிஸ், இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் என்று வந்தார்கள். காபூலுக்குக் கிழக்கே லதாபந்த் கணவாய் வழியாகச் சரோபிக்கு இறங்கும் பாதை ஒரு கடும் சோதனை. கல்லும் புழுதியுமான பாதையில் கொண்டை ஊசி வளைவுகள். கைபர் கணவாயை இரவில் மூடிவிடுவார்கள் என்பதால், விடியும்வரை எல்லோரும் காபூலில் காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு டெல்லி. டெல்லியிலிருந்து அன்றைய பம்பாய்க்குச் சுமார் 1,400 கி.மீ. கொடுத்த நேரம் ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. மலை இல்லை. ஆனால் மாட்டு வண்டிகள், லாரிகள், வேடிக்கை பார்க்கச் சாலையின் இருமருங்கும் திரண்ட மக்கள் வெள்ளம்! பம்பாய் வந்து சேர்ந்தவை 72 கார்கள். அவற்றை 'சூசான்' என்ற கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கண்டத்தைக் குறுக்கே கடக்கவிட்டார்கள்.

பம்பாயில் முதலிடத்தில் இருந்தவர் ரோஜர் கிளார்க் என்ற ஆங்கிலேயர். ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ கோவன் முதல் மூன்று இடங்களில்கூட இல்லை. அவர் ஓட்டியது 'ஹில்மன் ஹண்டர்' என்ற சாதாரணக் குடும்பக் கார். ஆஸ்திரேலியாவில் கிளார்க்கின் கார் பழுதாகிப் பின்தங்கியது. முன்னணிக்கு வந்த லூசியன் பியாங்கியின் சித்ரோயென் கார், முடிவுக்குச் சில மணி நேரமே இருந்தபோது, போக்குவரத்து மூடப்பட்டிருக்க வேண்டிய ஒரு சாலையில் எதிரே வந்த சிறு கார் ஒன்றோடு மோதியது. காரைத் துணை ஓட்டுநர் ஓட்டிக்கொண்டிருந்தார், பியாங்கிக்குப் பலத்த காயம். அங்கே முதலில் வந்து சேர்ந்த போட்டியாளர் பாடி ஹாப்கிர்க். வெற்றிக்கு மிக அருகில் இருந்தவர். அவர் காரை நிறுத்திவிட்டு, காயம்பட்டவர்களுக்கு உதவி செய்தார்.

வென்றவர் கோவன். ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் தரைப்பயணத்தில் அவர் பெற்ற தண்டப் புள்ளிகள் 50. இரண்டாவதாக வந்த ஹாப்கிர்க்குக்கு 56. இடைவெளி ஆறே புள்ளிகள்! லண்டனிலிருந்து சிட்னி வரை வெற்றியாளர் இழந்தது ஐம்பது. ஆடிப் பதினெட்டில் ஒரே வளைவில் நாங்கள் இழந்தது நாற்பது.

நம் நாட்டிலும் நல்ல ராலி ஓட்டுநர்கள் இருந்திருக்கிறார்கள். கோவையைச் சேர்ந்த ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் அவருடைய மகன். ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ராலிக்காரர்கள் ஆயுளில் சில முறை செய்வதை நாமக்கல் லாரி ஓட்டுநர் மாதந்தோறும் செய்கிறார், பத்து டன் பாரத்தோடு, எந்தக் கோப்பையும் இல்லாமல்.

அடுத்த முறை மலைப்பாதையில் போகும்போது கையில் ஒரு கடிகாரமும் தாளும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வளைவுக்கு ஒரு முறை நேரத்தைக் குறியுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் குறித்தால் இரண்டுக்கும் அதிக வேறுபாடு இல்லாததைக் காண்பீர்கள். நல்ல ஓட்டுநராக இருந்தால்தான் அப்படி. இறங்கும் நேரம் மிகக் குறைவாக இருந்தால், வண்டி நின்றதும் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். சக்கரத்தைத் தொட வேண்டாம். காந்தல் உறைக்கும்.

காரவள்ளிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி 12.05. ஓட்டுநர் இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே கையைக் காட்டியபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நியூட்ரல் கேள்வி கேட்ட மாணவனும் அவர் பின்னாலேயே கையைக் காட்டிக்கொண்டு போனான்.

"ஒரு மணிக்கெல்லாம் நாமக்கல் போயிரலாமாங்கண்ணா?"

"ஒண்ணேகாலுன்னு வீட்டுக்குச் சொல்லிருங்க தம்பி. டீக் குடிக்கற நேரத்தையும் சேத்தோணுமில்ல?"